தன்மட்டச் சாந்து

தன்மட்டச் சாந்து என்பது மேடுபள்ளமான தரைமீது கூழாக ஊற்றப்பட்டு, தன் எடையாலேயே பரவி, சில மணி நேரத்தில் இறுகி, தரையோடு பதிக்கத் தக்க பரப்பைத் தரும் நுண்சாந்து. சிமெண்டு, நுண்மணல், பலபடிப் பொடி, இளக்கி முதலியவை ஆலையிலேயே கலக்கப்பட்டு மூட்டையாக வருவதால், களத்தில் அளந்த தண்ணீர் சேர்த்தால் போதும். வழக்கமான கனம் 3 முதல் 10 மி.மீ. வரை. சரளை சேர்த்த வகைகளை இதைவிடத் தடிப்பாகவும் ஊற்றலாம். மலேசியத் தமிழர் பேச்சில் இது பெரும்பாலும் 'செல்ஃப் லெவலிங்' என்றே வழங்குகிறது.

இக்கட்டுரை சாந்தின் பொது வரலாற்றையும் வகைகளையும் கூறி, ஜொகூர் மாநிலத்தின் நடுவில் அமைந்த குளுவாங் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தரையோட்டு ஆலைகள் அமைந்த ஊர் அது. மண்தரை, பலகைத்தரை, சிமெண்டுத்தரை, மொசைக், பெரிய போர்சலின் ஓடு என்று ஒரு நூற்றாண்டுக்குள் பலவகைத் தரைகளைக் கண்டதும் அந்த ஊரே.

பெயர்

'மட்டம்' என்ற சொல் தமிழில் கிடைநிலை, அளவு, எல்லை ஆகியவற்றோடு தாழ்ந்த தரத்தையும் குறிக்கும். கொத்தனாரின் கருவிப் பெயர்களில் முதற்பொருளே நிலைத்திருக்கிறது: ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் கொண்ட இரண்டு பண்புகளைத் தமிழ்ப் பேச்சு 'மட்டம்' என்ற ஒன்றிலேயே அடக்கிவிடுகிறது. ஒன்று, பரப்பு கிடையாக இருத்தல். மற்றொன்று, பரப்பு மேடுபள்ளமின்றி ஒரே தளமாக இருத்தல். முன்னதை மட்டம் என்றும் பின்னதைச் சமதளம் என்றும் பிரித்துச் சொல்வதே சரியானது. 6 மீட்டர் நீளக் கூடம் ஒரு முனையில் 30 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் சமதளமாக இருந்தால் தரையோடு அதில் குறையின்றிப் பதியும். கிடையாக இருந்தும் நடுவில் குழிந்த தரையில் பதியாது. ஆகவே தன்மட்டச் சாந்து மட்டத்தைக் காட்டிலும் சமதளத்துக்காகவே பெரிதும் பயன்படுகிறது. பெயர் இந்த உண்மையைச் சற்று மறைக்கிறது.

தொடக்க வரலாறு

தண்ணீர் தேங்கிய பரப்பே மனிதர் கண்ட முதல் மட்டம். எகிப்தியர் மரச்சட்டத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்ட முக்கோண மட்டத்தைக் கையாண்டனர். தெய்ர் எல் மதீனாவில் வாழ்ந்த சென்னெட்ஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில், எகிப்தின் 19ஆம் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த அத்தகைய கருவி ஒன்று கிடைத்துள்ளது. சட்டத்தின் இரு கால்களையும் தரையில் ஊன்றினால், குண்டின் நூல் நடுக்கோட்டில் விழவேண்டும். விலகினால் விலகும் பக்கம் தாழ்வு.

உரோமர் நீர்வழிகளுக்குக் கொரோபேட்டிஸ் என்னும் நீண்ட மரப்பலகையைப் பயன்படுத்தினர். 20 அடி நீளமுள்ள அப்பலகையின் மேற்புறத்தில் நீர் நிரப்பும் பள்ளம் உண்டு. காற்றில் தூக்குநூல் ஆடும்போது அந்த நீரே மட்டம் சொல்லும். இதை விவரிக்கும் விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலின் ஏழாம் பகுதியில் தரை அமைப்பையும் கூறுகிறார். அடியில் கைப்பிடியளவுக் கற்கள், அதன்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்த படுகை, அதற்கும் மேல் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் கொண்ட நுண்படுகை, கடைசியில் பதிகல் என்ற அடுக்குமுறை அது. மேலே செல்லச் செல்லப் பொருள் நுண்மையாகிறது, மட்டமும் திருத்தமாகிறது. இன்றைய கான்கிரீட்டுத் தளம், மணல் சிமெண்டுப் படுகை, தன்மட்டச் சாந்து, தரையோடு என்ற வரிசை இதன் வழிவந்ததே.

குமிழியுள்ள கண்ணாடிக் குழாயை மட்டக்கருவியாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மெல்கிசெடெக் தெவெனோ. காலம் 1661ஐ ஒட்டியது. தமிழ்க் கொத்தர் இதற்கு ரசமட்டம் என்று பெயரிட்டனர். இதற்குமுன் தமிழகத்தில் நூலும் கோலும் நிழலுமே கருவிகள். சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் இரு கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை அறிந்து, நூல் பிடித்து அரண்மனை வகுக்கும் காட்சி வருகிறது. 'நூல் பிடித்தாற்போல்' என்று நேராக இருப்பதற்கு நாம் சொல்லும் உவமை கட்டடக் களத்திலிருந்து வந்தது. ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இரு சுவரில் பிடித்து மட்டம் குறிக்கும் குழாய்மட்டம் இன்றும் வழக்கொழியவில்லை. லேசர் மட்டம் வைத்திருக்கும் குத்தகையாளர்கூட ஐயம் வந்தால் தண்ணீர்க் குழாயையே நம்புகிறார்.

தென்னிந்திய வீட்டுத்தரை நெடுங்காலம் மண்ணால் ஆனது. மண்ணை நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் சாணம் மெழுகுவர். மெழுகுவது தூய்மைச் சடங்கு மட்டுமன்று. கையால் பரப்பப்படும் அந்த மெல்லிய குழம்பு வாரந்தோறும் சிறு குழிகளை நிரப்பி, தரையைச் சமதளமாக வைத்தது. வசதியுள்ள வீடுகளில் சுண்ணாம்புக் காரை. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடித் தரையோடு கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் இட்டுச் செய்யப்படுவது. முகம் கண்ணாடி போல் வழவழப்பானது. முதுகு சொரசொரப்பானது, கனமும் ஓட்டுக்கு ஓடு மாறும். எனவே அதைத் தடித்த சாந்துப் படுகையில்தான் பதிக்க முடியும். அடித்தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் படுகை அதை விழுங்கிக்கொள்ளும். பழைய முறைகள் அனைத்துக்கும் இதுவே பொது இலக்கணம். மட்டம் பார்ப்பது தனி வேலையாக இருக்கவில்லை. ஓடு பதிப்பதன் உள்ளேயே அது அடங்கியிருந்தது.

குளுவாங்கின் தரைகள்

குளுவாங் என்ற பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. அதன் வழியில் நடு ஜொகூரின் நிர்வாக மையமாக 1915இல் குளுவாங் உருவானது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் மெங்கிபோல், ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ, நியோர் வட்டாரங்களின் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில், குடியமர்ந்தனர்.

தோட்ட லயங்களின் தொடக்ககால வீடுகள் பலகையால் ஆனவை; ஈரத்துக்கும் பூச்சிக்கும் அஞ்சித் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவையும் உண்டு. சமையற்கட்டு மட்டும் மண்தரை. பின்னர் நிலத்தை ஒட்டிய சிமெண்டுத் தளங்கள் பரவின. வரிசை வீடுகளின் தளத்தை ஒரே வீச்சில் போட்டு, பலகையால் இழுத்து, கரணையால் தேய்த்து முடிப்பர். தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதியாக வாசல் பக்கம் சரிவு வைப்பதும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் சிமெண்டு ஆலை 1950களில் ராவாங்கில் இயங்கத் தொடங்கியபின் சிமெண்டுத் தளம் மேலும் எளிதாயிற்று. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966இல் வந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இதற்குள் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியிருந்தன. ஆள்தேவை குறைந்து, அடுத்த தலைமுறை நகரத்துத் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் ஆலை வேலைக்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

தாமான் வீடு என்பது பெரும்பாலும் ஒட்டுவரிசை வீடு. தரைத்தளம் நேரே மண்மீது போட்ட கான்கிரீட்டு. சில ஆண்டுகளில் பின்கட்டை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்குவது மலேசிய வழக்கம். நீட்டிய பகுதியின் அடிமண் புதிதாக நிரப்பியது. அது மெல்ல அமுங்கும், பழைய தளம் அமுங்காது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி தோன்றும், அல்லது கோடு விழும். குளுவாங்கில் தரை மட்டம் செய்யும் தேவை முதலில் எழுவது பெரும்பாலும் இந்த இணைப்பில்தான். மெங்கிபோல் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வண்டல் மென்மையானது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் குளுவாங் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் பல இடங்களில் அடிமண் இறுகும். தளம் அதோடு கீழிறங்கும்.

மொசைக்கிலிருந்து போர்சலினுக்கு

குளுவாங்கைத் தரையோட்டு ஊராக்கியவை இரண்டு ஆலைகள்: ஹப் செங் குழுமத்தின் கீழ் இயங்கிய மலேசியன் மொசைக்ஸ், ஹொங் லியோங் குழுமத்தின் குவோசெரா. மட்பாண்டக் கலைக்குப் பெயர்பெற்ற ஆயர் ஹீத்தாம் அருகிலேயே உள்ளது. அங்குச் சீனக் குயவர்கள் நீண்ட சூளைகளில் சுட்ட சாடிகள் ஜொகூர் முழுவதும் அறியப்பட்டவை. களிமண்ணைச் சுடும் மரபு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

முதல் நிறுவனத்தின் பெயரிலேயே காலம் பதிந்திருக்கிறது. மொசைக் என்பது விரல்நுனி முதல் சில சென்டிமீட்டர் வரையிலான சிறு சில்லுகளைத் தாளில் ஒட்டி, தாளோடு சாந்தில் பதித்து, பின் தாளை நனைத்து உரிக்கும் ஓடு. 1960கள், 1970களின் கடைவீடுகளிலும் குளியலறைகளிலும் அதுவே ஆட்சி செய்தது. பிறகு 200, 300 மி.மீ. சதுர ஓடுகள் வந்தன. இத்தாலியின் சாசுவோலோ வட்டாரத்தில் 1970களில் ஒரே முறை விரைவாகச் சுடும் உருளைச்சூளை முறை வளர்ந்தது. அழுத்திய பொடி உருளைகள்மீது நகர்ந்து, ஏறக்குறைய 1200 டிகிரி வெப்பத்தைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓடாக வெளிவரும் அம்முறை உலகெங்கும் பரவியபின் ஓட்டின் அளவு வளர்ந்துகொண்டே போயிற்று. இன்று 600 மி.மீ. சதுரம் சாதாரண வீட்டு ஓடு. 600க்கு 1200 மி.மீ. வழக்கமாகிவிட்டது.

ஓடு பெரிதாக ஆகத் தரையின் குறை வெளிப்படும். இதைச் சிறு கணக்கால் காட்டலாம். 2 மீட்டர் நீளத்தில் 10 மி.மீ. குழிந்த தரையை வட்டவில்லாகக் கொள்வோம். 50 மி.மீ. சில்லு ஒன்றின் நடுவில் அந்தக் குழிவு 0.006 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது. 300 மி.மீ. ஓட்டின் நடுவில் 0.2 மி.மீ. சுற்று. 600 மி.மீ. ஓட்டில் 0.9 மி.மீ., 1200 மி.மீ. ஓட்டில் 3.6 மி.மீ. மொசைக் சில்லுகள் குழிந்த தரையோடு குழிந்து படுத்துவிடும். 1200 மி.மீ. ஓடு வளையாது. அதன் அடியில் வெற்றிடம் விழும். அல்லது அண்டை ஓட்டைவிட விளிம்பு தூக்கி நிற்கும். ஓடும் முற்றிலும் தட்டையானதன்று: 13006 எண் கொண்ட பன்னாட்டுத் தரநிலை, உலர் அழுத்தப் பெரிய ஓட்டில் 2 மி.மீ. வரை வளைவை ஏற்கிறது. தரையின் குறையும் ஓட்டின் குறையும் ஒரே பக்கம் சேர்ந்தால் விளிம்பு நிச்சயம் காலில் தட்டும்.

இதே காலத்தில் ஓட்டின் அடிப்படுகை மெலிந்தது. அமெரிக்காவில் 1950களில் பலபடி கலந்த மெல்லிய ஓட்டுப்பசை உருவானது. 30 முதல் 50 மி.மீ. தடிப்பான மணல் சிமெண்டுப் படுகையின் இடத்தில் 3 முதல் 6 மி.மீ. பசை வந்தது. பசை ஒட்டும், மட்டம் செய்யாது. தடித்த படுகை சத்தமின்றிச் செய்துவந்த வேலைக்கு இப்போது ஆள் இல்லை. அந்த இடத்தை நிரப்பவே தன்மட்டச் சாந்து தனிப் பொருளாகப் பிறந்தது.

சாந்தின் உருவாக்கம்

தன்மட்டச் சாந்து ஒருவர் கண்டுபிடித்ததன்று. நான்கைந்து வேதியியல் கண்டுபிடிப்புகள் ஒன்றுசேர்ந்தபோது உருவானது. ஜோசப் அஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு முதலாவது. பிரான்சின் லஃபார்ஜ் நிறுவனத்தில் ஜூல் பியே 1908இல் காப்புரிமை பெற்ற கால்சியம் அலுமினேட்டுச் சிமெண்டு இரண்டாவது. அது ஒரு நாளிலேயே பெரும் வலுவை எட்டும். மூன்றாவது, கலவையை அதிகத் தண்ணீரின்றி இளக்கும் மீயிளக்கிகள். இவை 1960களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாயின. 1980களில் ஜப்பானில் வந்த பாலிகார்பாக்சிலேட்டு வகை அவற்றினும் ஆற்றல் மிக்கது. நான்காவது, தண்ணீரில் மீண்டும் பாலாகக் கரையும் பலபடிப் பொடி. இதுவே சாந்தைப் பழைய தரையோடு ஒட்டவைக்கிறது.

போர்ட்லண்டு சிமெண்டு, அலுமினேட்டுச் சிமெண்டு, ஜிப்சம் மூன்றும் சேர்ந்தால் எட்ரிங்கைட்டு என்னும் ஊசிப்படிகம் விரைவில் வளரும். ஜெர்மனியின் எட்ரிங்கன் அருகே 1874இல் இனங்காணப்பட்ட கனிமம் அது. ஒரு மூலக்கூறில் 32 நீர் மூலக்கூறுகளைக் கட்டிவைக்கும்; எடையில் ஏறக்குறைய 46 விழுக்காடு தண்ணீர். ஆகவே ஊற்றிய தண்ணீரில் பெரும்பங்கு காற்றில் உலரக் காத்திராமல் படிகத்துக்குள்ளேயே அடைபடுகிறது. சாதாரண மணல் சிமெண்டுப் படுகை வாரக்கணக்கில் உலர, தன்மட்டச் சாந்தின்மேல் சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் ஓடு பதிக்க முடிவதன் காரணம் இதுவே. படிகம் வளரும்போது சற்று விரிவதால், சிமெண்டு சுருங்குவதும் ஓரளவு ஈடாகிறது.

இளக்கியாகப் பால்புரதமான கேசீனைப் பயன்படுத்திய காலமும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஸ்வீடனின் பல கட்டடங்களில் ஊற்றப்பட்ட கேசீன் கலந்த சாந்து, ஈரமும் காரமும் சேர்ந்த சூழலில் சிதைந்து, அம்மோனியா போன்ற நெடியைக் கிளப்பியது. அங்கு வசித்தவர்களின் உடல்நலக் குறைபாடுகள் பெரும் விவாதமாயின. கேசீன் படிப்படியாகக் கைவிடப்பட்டு, செயற்கை இளக்கிகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஈரம் வற்றாத நாடுகளுக்கு இது பாடமாக அமைந்தது.

வகைப்பாடு

பிணைபொருளால் வகுப்பது முதல் முறை. ஐரோப்பிய நெறி 13813 தரைச்சாந்துகளைச் சிமெண்டு, கால்சியம் சல்பேட்டு, மாக்னசைட்டு, நிலக்கீல், செயற்கைப் பிசின் என ஐந்தாகப் பிரிக்கிறது. சிமெண்டு, கால்சியம் சல்பேட்டு வகைகளின் குறியீட்டில் அழுத்த வலுவும் வளைவு வலுவும் சேர்ந்து வரும். அழுத்தம் 25, வளைவு 6 என்று குறித்த சிமெண்டுச் சாந்து, சதுர மில்லிமீட்டருக்கு முறையே 25, 6 நியூட்டன் தாங்கும். வீட்டுத் தரையோட்டுக்கு இந்த வகுப்பே போதுமானது.

கால்சியம் சல்பேட்டு வகை, அதாவது ஜிப்சம் சாந்து, சுருக்கம் குறைவானது. பெரும்பரப்பில் விரிசலின்றி ஊற்றலாம். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். அதன்மேல் நேரடியாகச் சிமெண்டுப் பசை இட்டால் இரண்டுக்கும் இடையே எட்ரிங்கைட்டு வளர்ந்து ஓட்டைத் தூக்கிவிடும். மண்மீது நேரே போட்ட தளமும், கழுவி விடும் பழக்கமும் உள்ள குளுவாங் போன்ற ஊருக்கு அது பொருந்தாது. சிமெண்டு வகையே இங்குத் தக்கது. மாக்னசைட்டும் நிலக்கீலும் ஓட்டுத் தரைக்குரியவை அல்ல. பிசின் வகை ஆலைகள், மருந்தகங்கள், வண்டி நிறுத்தங்கள் ஆகியவற்றின் மேற்பூச்சு.

இடத்தால் வகுப்பது இரண்டாவது. மேலே வேறு பொருள் மூடும் அடிப்பூச்சு ஒன்று. தானே நடைபரப்பாக நிற்கும் மேற்பூச்சு மற்றொன்று. ஓட்டுக்கு அடிப்பூச்சு. கனத்தால் வகுப்பது மூன்றாவது: 3 மி.மீ.க்குக் குறைந்த மெழுகுச்சாந்து, 3 முதல் 10 மி.மீ. வரையிலான நடுவகை, சரளை சேர்த்து 30 மி.மீ. அல்லது அதற்கும் மேல் செல்லும் தடிவகை. வேகத்தால் வகுப்பது நான்காவது: ஓரிரு மணி நேரத்தில் நடக்கத்தக்க விரைவகை, ஒரு நாள் எடுக்கும் இயல்வகை. ஒட்டுமுறையால் வகுப்பது ஐந்தாவது: அடித்தளத்தோடு ஒட்டியது, இடையில் நெகிழித்தாள் விரித்துப் பிரித்தது, வெப்பத்தடுப்பின்மேல் மிதப்பது. மிதக்கும் வகை குளிர்நாடுகளுக்குரியது. ஜொகூரில் அதற்கு வேலையில்லை.

பரவும் இயல்பும் அளக்கப்படுகிறது. ஐரோப்பிய நெறி 12706 இன்படி 30 மி.மீ. குறுக்களவும் 50 மி.மீ. உயரமும் உள்ள வளையத்தைக் கண்ணாடிமீது வைத்து, சாந்தை நிரப்பி, வளையத்தைத் தூக்குவர். பரவிய வட்டத்தின் அகலமே அளவு. 20 நிமிடம் கழித்தும் அதே அகலம் பரவுகிறதா என்று பார்ப்பது மூட்டையின் உண்மைத் தரத்தைக் காட்டும்.

அளவுகோல்கள்

தரை எவ்வளவு சமதளமாக இருக்க வேண்டும் என்பதற்கு நாட்டுக்கு நாடு விடை வேறு. பிரிட்டிஷ் மரபில் 2 மீட்டர் மட்டப்பலகையின் கீழ் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அமெரிக்க நெறி ஓட்டின் அளவைப் பார்க்கிறது: விளிம்பு 380 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டுக்கு 3 மீட்டரில் 6 மி.மீ.; அதைவிடப் பெரிய ஓட்டுக்கு 3 மீட்டரில் 3 மி.மீ. மலேசியாவில் கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியத்தின் குவாலசிக் தர மதிப்பீட்டில் முடிந்த தரை 1.2 மீட்டரில் 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. சிங்கப்பூர் 1989இல் தொடங்கிய கான்குவாஸ் முறையை ஒட்டியது இது. ஓட்டின் அளவைக் கணக்கில் எடுக்கும் அமெரிக்க நெறியே அறிவுக்குப் பொருந்துவது.

செய்முறை

பழைய தரையை முதலில் தட்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் பிடிப்பு. டொப்பென்று ஒலித்தால் உட்பொள்ளல். பொள்ளலை உடைத்து எடுக்காமல் மேலே ஊற்றுவது, அவிழ்ந்த மூட்டையின்மேல் மூட்டை அடுக்குவது போன்றது. பழைய சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் தேய்த்த சிவப்பு மெழுகு இருந்தால் சுரண்டி நீக்க வேண்டும். சாந்து மெழுகில் ஒட்டாது. அசையும் விரிசலைச் சாந்தால் மூடினால் அதே கோடு மேலேயும் வரும். முன்கூறிய சமையலறை இணைப்பில் இதனால்தான் சாந்தும் ஓடும் இணைப்புக் கோட்டிலேயே பிரிக்கப்பட வேண்டும்.

அடுத்து நூல் பிடித்தோ லேசர் வைத்தோ உயர்ந்த புள்ளியைக் கண்டு, அதற்கேற்பத் தரையெங்கும் திருகாணிகளை நட்டு மட்டப்புள்ளி வைப்பர். கதவடியில் அட்டைத் தடுப்பும், சுவரோரம் நுரைப் பட்டையும் இடுவர். உறிஞ்சும் தரைக்குப் பிரைமர் இருமுறை. அது துளைகளை அடைக்காவிட்டால் தரை தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பாதிவழியில் நின்றுவிடும், அடியிலிருந்து கிளம்பும் காற்று ஊசித்துளைகளாக மேலே வெடிக்கும்.

அளவுக் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு ஒரு லிட்டர் சாந்து. 3க்கு 4 மீட்டர் அறையில் சராசரி 5 மி.மீ. என்றால் 60 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிலோ பொடி வீதம் சுமார் 100 கிலோ. 25 கிலோ மூட்டை நான்கு, கைவசம் ஒன்று கூடுதல். மூட்டைக்கு 5 முதல் 6 லிட்டர் தண்ணீர், உற்பத்தியாளர் குறித்த அளவில். துடுப்புள்ள துளைப்பொறியால் மெல்லச் சுழற்றிக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு மீண்டும் கலக்குவர். ஊற்றிய சாந்தைப் பல்வாருகோலால் இழுத்து, முள்ளுருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். 'தன்மட்டம்' என்ற பெயரை நம்பி ஊற்றிவிட்டு நிற்பவர் மறுநாள் அலையைக் காண்பார். மெல்லிய படலத்தில் சாந்தின் ஒட்டுத்தன்மை அதன் எடையை வென்றுவிடும். அங்கே மனிதக் கை தேவை.

குளுவாங்கின் பகல் வெப்பம் ஆண்டு முழுதும் 32 டிகிரியை ஒட்டி நிற்கும். மூட்டையில் குறித்த 20, 30 நிமிட வேலைநேரம் பெரும்பாலும் 23 டிகிரிக்கானது. இங்கே அது வெகுவாகச் சுருங்கும். குளிர்ந்த தண்ணீரும், காலைநேரமும், இரண்டு வாளிகளில் இருவர் மாறிமாறிக் கலக்குவதும் இதற்கு வழி. ஜொகூரில் ஆண்டிறுதி மழைக்காலத்தில் தளத்தின் அடியிலிருந்து ஈரம் ஏறும். அப்போது ஈரத்தடைப் பூச்சில்லாமல் ஊற்றலாகாது.

குளியலறை, முற்றம், வண்டிக்கூடம் ஆகியவற்றில் தண்ணீர் வடியச் சரிவு வேண்டும். தன்மட்டச் சாந்து சரிவை அழித்துவிடும். அங்கு மணல் சிமெண்டுப் படுகையே முறை.

குறைகளும் விவாதமும்

அதிகத் தண்ணீர் ஊற்றுவதே முதன்மையான தவறு. கூடுதல் தண்ணீர் மணலைக் கீழே இறக்கி, மேலே வலுவற்ற பாலாடை போன்ற படலத்தை விடும். நகத்தால் கீறினால் உதிரும் அந்தப் படலத்தில் ஒட்டிய ஓடு படலத்தோடு பெயர்ந்து வரும். ஓடு கழன்றால் வீட்டுக்காரர் ஓட்டைப் பழிப்பார், ஓட்டுக்காரர் பசையைப் பழிப்பார்; குற்றம் பெரும்பாலும் வாளித் தண்ணீரில் இருக்கும்.

தடித்த படுகை முறையைப் பழமை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. உண்மையில் 20 மி.மீ.க்கு மேற்பட்ட குழிவுக்கு அதுவே மலிவும் உறுதியும். தன்மட்டச் சாந்து மெல்லிய திருத்தத்துக்கு உரியது. புதுக் கட்டடத்தில் தளம் போடும்போதே கொத்தனார் மட்டம் பார்த்துவிட்டால் இரண்டும் வேண்டியதில்லை.

இன்றைய நிலை

சிகா, மாப்பே முதலிய நிறுவனங்களின் தன்மட்டச் சாந்து வகைகள் மலேசியாவில் மூட்டைகளாக விற்பனையாகின்றன. புதுப்பிப்பு வேலைகளில் இதன் பயன்பாடு மிகுந்து வருகிறது. பழைய ஓட்டின்மேலேயே புது ஓடு பதிக்கும் வழக்கமும் பரவியுள்ளது.